தாத்தாவுக்கு நினைவு மலர் போடப் போகிறீர்களா?

கத்தோலிக்க வீட்டில் தாத்தாவின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு, அதாவது திருப்பலிக்கு, சின்னதாக ஒரு புத்தகம் போடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே யாராவது ஒருவர் "அன்பான கணவர், பாசமிகு தந்தை, சிறந்த பக்திமான்" என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். சத்துவாச்சாரியிலிருந்து ஆரணி வரை எந்த வீட்டு நினைவு அட்டையை எடுத்தாலும் இதே வரிதான், போட்டோவை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் தாத்தா பக்தியானவர் என்றால், அந்த வார்த்தையைப் போடாமலேயே அது தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தப் பூசைக்குப் போனார், கோயிலில் எந்தத் தூணோரம் முட்டிபோட்டார், ராத்திரி செபமாலையில் தூங்கி வழிந்த பேரனை என்ன செய்தார். இதைச் சேகரிப்பதுதான் பெரிய வேலை.

முதலில் கோயில் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவில் பிறந்த தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயரெல்லாம் இருக்கும். ஓரத்தில் பிற்பாடு உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), கல்யாணம் பற்றிய குறிப்பையும் சேர்ப்பது வழக்கம், ஆகவே அந்த ஒரு வரி கிடைத்தால் அடுத்து எந்த ஊர்ப் பதிவேட்டைத் தேடுவது என்று தெரிந்துவிடும். பள்ளிச் சான்றிதழ்த் தேதியை அப்படியே நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் பலருக்கு வாத்தியார் போட்டதுதான் பிறந்தநாள்.

தேடும்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். இன்றைக்கு ஊரில் தனிப்பங்கு (தனி ஃபாதரும் பதிவேடும் உள்ள கோயில் வட்டாரம்) இருந்தாலும், தாத்தா பிறந்தபோது அது வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்திருக்கலாம், பதிவு அந்தத் தாய்ப்பங்கில் கிடக்கும். வேலூர் மறைமாவட்டமே 1952-ல்தான் உருவானது. திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டுப் பக்கத்துக் குடும்பம் என்றால் முதலில் அங்கே கேளுங்கள், 1916-ல் இறந்த மிஷனரி தாராஸ் அடிகளார் காலத்திலேயே சுற்றுக் கிராமங்களுக்கு அதுதான் மையம். இன்னொன்று, பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். வீட்டில் ராயப்பன், பதிவேட்டில் பேத்ருஸ். அருளப்பனை யோவான்னெஸ் என்றும் சின்னப்பனை பவுலுஸ் என்றும் தேட வேண்டும், இல்லையென்றால் பெயரே இல்லை என்று வெறுங்கையோடு திரும்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஃபாதரைத் தொந்தரவு செய்யாதீர்கள், போனில் சொல்லிவிட்டு வாரநாளில் போங்கள்.

ஊர்ப்பெயர் எழுதும்போது, தாத்தாவின் காகிதங்களில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் அது பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. அன்றைய பெயரையே எழுதி, இன்று எந்த மாவட்டம் என்று பக்கத்தில் போட்டால் போதும்.

அப்புறம் ஆட்கள். ஆயா (பாட்டி) இருந்தால் ஆயாவிடம்தான் முதலில் உட்கார வேண்டும், ஆனால் "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், "நல்ல மனுஷன்பா" என்பார், அதோடு சரி. "தவக்காலத்துல வீட்ல என்ன சமைப்பீங்க ஆயா? சிலுவைப்பாதைக்கு உங்களையும் கூட்டிட்டுப் போவாரா? பூசைக் காணிக்கைக்குக் காசு எங்க எடுத்து வெப்பாரு?" என்று கேட்டுப் பாருங்கள், ஒன்றிலிருந்து ஒன்று வந்துகொண்டே இருக்கும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆயர்கள் கூடி வழிபாட்டில் மாற்றம் கொண்டுவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, அதாவது 1960-களின் நடுப்பகுதி வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. தாத்தா சிறுவயதில் பீடத்தில் உதவியவர் என்றால் குருவுக்குச் சொல்லும் லத்தீன் பதில்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்திருப்பார், கூட நின்ற ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால் அவரைச் சொல்லவைத்துக் கேளுங்கள்.

சொந்தபந்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார், மரியாயின் சேனை என்ற பக்திச் சபைக்காரர்கள், அவர் ஆம்பூர் தோல் கம்பெனியிலோ ஜோலார்பேட்டை ரயில்வேயிலோ பட்டாளத்திலோ இருந்திருந்தால் கூட வேலை பார்த்தவர்கள் (ஷிப்ட் முடிந்து எப்படிப் பூசைக்குப் போனார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்), கிறிஸ்துமஸ் பலகாரம் வாங்கிய பக்கத்து வீட்டு பாய். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் இருந்தவர் என்றால் சத்தமில்லாமல் பலருக்கு உதவியிருப்பார். அதை எழுதுங்கள், ஆனால் வாங்கியவர்கள் பெயரைப் போடவே போடாதீர்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளும் அதே பூசைக்கு வருவார்கள்.

அவருடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் என்ன செய்வது? என்னைக் கேட்டால் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். செபம் முடியாமல் சோற்றுப்பானையைத் திறக்கவிடாதவர் என்று எழுதினால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஆனால் காதல் கல்யாணம் செய்த மகளோடு பல வருஷம் பேசாமல் இருந்தார் என்பது போன்ற விஷயத்தை அந்த மகள் சரி என்றால் மட்டும் எழுதுங்கள்.

கோயிலில் பேசுவது தனி விஷயம். அடக்கத் திருப்பலியில் மறையுரை இறந்தவரைப் புகழும் உரையாகக் கூடாது என்பது திருச்சபை விதி. நினைவுத் திருப்பலியிலும் ஃபாதரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பொதுவாக நற்கருணைக்குப் பிறகு சில நிமிடம் கிடைக்கும். ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் மைக் கிடைத்தால் விடாத மாமாவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷ நினைவுக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குத் தள்ளிவிடலாம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைக்க எல்லோரும் எப்படியும் ஊருக்கு வருவார்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், பாவசங்கீர்த்தனம், நற்கருணை போன்ற வழக்கமான நிபந்தனைகளோடு, இறந்தோருக்காகப் பரிபூரணப் பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம் என்பதால் வெளியூர்க்காரர்களை அந்த வாரத்தில் இழுப்பதும் சுலபம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுவதையும் ஆயாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "அது கொடியேத்தத்துக்கு இல்ல, தேர் அன்னிக்கு" என்று நிச்சயம் நாலு திருத்தம் சொல்வார், அதற்கும் சேர்த்து ஒரு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.