கொலையாளியைச் சொல்லாமல் நாவலைச் சொல்வது எப்படி?

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வந்து சேர்ந்த பழைய மாத நாவல் ஒன்றின் முதல் பக்கத்தில், யாரோ ஒருவர் பென்சிலால் கொலையாளியின் பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். ரப்பரால் அழித்துப் பார்த்தோம். தாளில் அழுந்திய எழுத்து போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றும் அந்தப் பெயரைப் படிக்கலாம். அதற்குப் பிறகு அந்த நூலை எடுத்தவர்கள் படித்தது ஆசிரியர் எழுதிய கதையை அன்று, பென்சில்காரர் மிச்சம் வைத்த கதையைத்தான். தொடர் கொலைகளைத் துப்பறியும் நாவலுக்கு மதிப்புரையாகக் கருத்து எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கமே நினைவுக்கு வருகிறது.

குடும்ப நாவலின் முடிவைச் சொல்லிவிட்டும் அதைப் பற்றி நிறைவாகப் பேச முடியும். வரலாற்று நாவலின் முடிவோ பெரும்பாலும் முன்பே தெரிந்தது. இந்த வகை நாவலில் மறைப்பதுதான் பாதிக் கலை. ஆகவே பலர் பயந்துகொண்டு, ‘விறுவிறுப்பு, கீழே வைக்க மனம் வரவில்லை’ என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். அப்படி எழுதுவதால் நூலை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும் பயனில்லை, எழுதிய ஆசிரியருக்கும் பயனில்லை. யாரை மறைத்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படி மறைத்தார் என்பதை எழுதுவதே முறை. அதற்கான வேலை படிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

நூலுக்குள் மூன்று வெற்றுத் தாள்களை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கொலை நடந்து முடிந்ததும் நிறுத்தி, யார் மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் எந்த வரியால் அந்தச் சந்தேகம் வந்தது என்று முதல் தாளில் எழுதுங்கள். இரண்டாவது கொலையில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆள் வெவ்வேறு சமயங்களில் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொல்வதே தொடர் கொலை என்று, அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2005இல் கூட்டிய கருத்தரங்கில் வரையறுத்தார்கள். கதையிலும் இரண்டாவது உடல் கிடைக்கும்போதுதான் முதல் கொலைக்கு வேறொரு பொருள் பிறக்கிறது. இன்னொரு தாளைப் பாதி நூலிலும், கடைசித் தாளை உண்மை வெளிப்படும் அத்தியாயத்துக்குச் சற்று முன்பும் எழுதுங்கள். படித்து முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. முடிவு தெரிந்தவுடன் நம் மனம், ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று தன்னையே நம்ப வைத்துவிடும். அந்த மூன்று தாள்கள் மட்டுமே, ஆசிரியர் உங்களை எங்கே வழிமாற்றினார் என்பதற்கு உண்மையான சாட்சி.

முடித்த இரவே எழுத வேண்டாம். மறுநாள், கொலையாளி முதன்முதலாகத் தலைகாட்டும் காட்சியையும், துப்பறிபவருக்குப் பொறி தட்டும் காட்சியையும், நீங்கள் தவறாகச் சந்தேகப்பட்டவர் மாட்டிக்கொள்ளும் காட்சியையும் திரும்பப் படியுங்கள். முழு நூலையும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. இந்த மூன்று போதும்.

இதை விளக்க நானே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்கிறேன். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களைச் சுற்றிக் கொலைகள் நடக்கின்றன. இறந்தவர்களின் கைகள், அறுந்த பாவு இழையை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, இணைக்கத் தறிக்காரர் போடும் முடிச்சால் கட்டப்பட்டிருக்கின்றன. முப்பதாம் பக்கத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தாமல், இழையைப் பார்க்கக்கூடச் செய்யாமல், விரல் பழக்கத்திலேயே அறுந்த பாவைப் பிணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார் என்று ஆசிரியர் எழுதி, நாம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே விரலைக் கவனிக்காமல் போயிருந்தால், அது நேர்மையான மறைப்பு. அதற்கு மாறாக, இருநூறாம் பக்கம் வரை வட்டிக்கடைக்காரராக மட்டுமே வந்தவரைப் பற்றி, ‘அவர் இளமையில் தறி ஓட்டியவர்’ என்று கடைசி அத்தியாயத்தில் சொன்னால், அது வாசகரை ஏமாற்றும் வேலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கருத்தில் எழுத வேண்டும். ஆனால் தறி, முடிச்சு, முப்பதாம் பக்கம் ஆகிய எதையும் எழுதக் கூடாது. ‘கொலை நடக்கும் விதத்துக்கும் செய்தவருக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் நம் கண் முன்னாலேயே வைத்திருக்கிறார், இரண்டாம் வாசிப்பில்தான் நான் கண்டேன்’ என்று எழுதினால், சொல்ல வேண்டியது முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது, கதையும் காப்பாற்றப்படுகிறது.

இந்த நேர்மைக் கணக்கு புதிதன்று. துப்பறியும் கதைகள் எழுதிய கத்தோலிக்கப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ், 1929இல் இதற்கென்று பத்து விதிகளையே வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1926இல், அகதா கிறிஸ்டியின் ஒரு நாவல் வெளிவந்தபோது, அவர் கொலையாளியை ஒளித்து வைத்த இடம் முறையானதா என்று பெரிய விவாதம் எழுந்தது. நூலின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. சொன்னால் இந்த விளக்கமே அதற்குத் துப்பாகிவிடும்.

கதையை வெளிப்படையாகச் சொல்வது மட்டும்தான் உளறல் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘முடிவில் யாரும் எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதினாலே, படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். ஒரு சிறு பாத்திரத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும், பிரபலமான வேறொரு நாவலோடு ஒப்பிடுவதும் அப்படியே. அந்த நாவலைப் படித்தவருக்கு ஒப்பீடு ஒன்றே போதும். கதையின் முதல் கால் பகுதியில் நடப்பதை எழுதலாம்; அதற்குப் பின் இறப்பவர்களின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதாமல் இருப்பது நல்லது. கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடும் நாவல்களும் உண்டு. அவற்றில் அவர் எந்தப் பிழையால் அகப்படுகிறார் என்பதே மறைபொருள். அதைக் காக்க வேண்டும்.

ஊரும் சட்டமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில் நம் பகுதி வாசகர்களுக்குத் தனி உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் அரை மணி நேரத்தில் ஜீப்பை ஏற்றிக் கொலையாளியைப் பிடிக்கும் ஆய்வாளரை நம்ப முடியாது என்று தயங்காமல் எழுதலாம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல். 1995இல் நடக்கும் கதையில் திருப்பூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வந்தால் அது பிழை. அதே 1995இல் ஈரோடு மாவட்டத்துக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர். சட்டத்திலும் இவ்வாறே. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்குப் பின் நடந்த கொலைக்கு 302ஆம் பிரிவில் வழக்குப் பதிவதாக எழுதக் கூடாது. 103ஆம் பிரிவு என்றிருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒப்புதல் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை அந்த ஆளுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அதன் இடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி நீடிக்கிறது. ஆகவே, காவல் நிலைய நாற்காலியில் கொலையாளி பத்துப் பக்கம் பேசி முடித்தவுடன் வழக்கும் முடிந்துவிட்டதாகக் காட்டும் நாவலில், துப்பறிதல் உண்மையில் நடக்கவே இல்லை. வேறு சான்று எதையாவது துப்பறிபவர் தேடி எடுத்தாரா என்று கேளுங்கள்.

உள்ளூர்ப் பேச்சைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். எல்லார் வாயிலும் ‘ஏனுங்க’ போட்டால் கொங்குத் தமிழ் ஆகிவிடாது. ‘ஒறம்பரை’ (விருந்தாளி) வந்த வீட்டில் எப்படிப் பேசுவார்கள், ‘அக்கட்டால போ’ (அந்தப் பக்கம் போ) என்று யாரிடம் சொல்வார்கள், யாரிடம் சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்து எழுதியிருக்கிறாரா என்பதே கேள்வி.

கொலையாளியின் மனத்தை எழுதியிருக்கும் விதம் தனிப் பத்திக்கு உரியது. மேலே சொன்ன கருத்தரங்கின் அறிக்கை, இத்தகையோரைப் பற்றிய பொய் நம்பிக்கைகளைத் தனியே எடுத்துக்காட்டி மறுத்தது. தொடர் கொலையாளிகள் எல்லாரும் ஒதுங்கி வாழும் விசித்திர மனிதர்கள் அல்லர். குடும்பமும் வேலையும் அக்கம்பக்கத்தில் நற்பெயரும் உடையவர்களாய் வாழ்ந்தவர்கள் உண்டு. எல்லாரும் காமத்தால் கொல்வதில்லை. எல்லாரும் அபார அறிவாளிகளும் அல்லர். கொல்வதை நிறுத்த அவர்களால் முடியாது என்பதும் உண்மையன்று. நீங்கள் படித்த நாவல் இந்தப் பழைய பொம்மைகளையே ஆட்டுகிறதா, ஒரு மனிதரைக் காட்டுகிறதா என்று எழுதுங்கள். குறிப்பாக, கடைசிப் பக்கத்தில் ‘அவன் மனநோயாளி’ என்று ஒரே சொல்லில் காரணத்தை முடித்திருந்தால், அதைக் கண்டித்தே எழுத வேண்டும். மனநோயால் அவதிப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். அத்தகையவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன, அங்கேயும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இறந்தவர்களைப் பற்றி எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வட்டத்துக்கு வரும் ஓர் அம்மா. தறி ஓட்டிக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். எல்லாரும் ஒரு நாவலின் வேகத்தைப் பாராட்டிக்கொண்டிருந்த மாலையில், நூலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “நாலு புள்ளைங்க செத்துப்போச்சுங்க. அந்தப் போலீஸ்காரரு ஒரு ஊட்டுக்காச்சும் எழவு கேக்கப் போனாருங்களா?” நாங்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். போகவில்லை. நான்கு பெண்களுக்கும் வயதும் உடுத்தியிருந்த துணியின் நிறமும் இருந்தன. தாய் தந்தை இல்லை, அவர்கள் வாங்கிய கடன் இல்லை, பாதியில் நின்ற படிப்பு இல்லை. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு கருத்திலும், இறந்தவர்களில் ஒருவராவது கொலை நடப்பதற்கு முன் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கு விடை இருக்கும். கொலை முறையைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு இறந்தவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் நாவலை, அது எவ்வளவு விறுவிறுப்பாக ஓடினாலும், நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பதில்லை.

நடை, அச்சுப் பிழை, அட்டைப்படம் ஆகியவற்றுக்கு இரண்டு வரி போதும். வேகத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் நாவல்களைப் பேருந்திலேயே படித்து முடித்து வளர்ந்தவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். அந்தக் கையடக்க நாவலின் வேகத்தை 400 பக்க நாவலிடம் எதிர்பார்த்து ‘இழுவை’ என்று எழுதுவது முறையன்று. எந்தப் பகுதியில் தளர்ந்தது, அந்தத் தளர்ச்சியில் ஏதேனும் துப்பு ஒளிந்திருந்ததா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

பலருடைய கருத்துகளைக் கூட்டத்தில் கேட்டுத் தொகுப்பதாக இருந்தால், முதல் அரை மணி நேரம் படித்து முடிக்காதவர்களும் இருக்கட்டும். அப்போது இடமும் மொழியும் காவல்துறை நடைமுறையும் மட்டும் பேசப்பட வேண்டும். பிறகு முடித்தவர்கள் மட்டும் இருந்து, ஒவ்வொருவரும் தம் மூன்று தாள்களையும் உரக்கப் படிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே அப்பாவியைச் சந்தேகித்திருந்தால், ஆசிரியர் அந்த இடத்தில் வென்றிருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறோம். பத்துப் பேரும் முதல் தாளிலேயே சரியான ஆளைச் சொல்லியிருந்தால், அதையும் ஆளின் பெயரில்லாமல் குறித்துக்கொள்கிறோம். நூலகத்துக்குத் திருப்பித் தருவதற்கு முன், தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று நூலைக் கவிழ்த்து ஒருமுறை உதறிப் பாருங்கள்.