ஓட்டல் கரண்ட் பில்: தணிக்கைக்கு முன் ஒரு வேலை

ஆற்றல் தணிக்கைக்கு (மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு) ஆள் கூப்பிடும் முன், கடந்த 12 மாத ஈ.பி. பில்லை எடுத்து, ஒப்பந்த மின் தேவையையும் (மின் வாரியத்திடம் கேட்டு வாங்கி வைத்திருக்கும் அளவு) பதிவான உச்சத் தேவையையும் (அந்த மாதம் மீட்டர் காட்டிய அதிகபட்ச அளவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பெரிய ஓட்டல்கள் வாங்கும் உயரழுத்த இணைப்புக்கு, பதிவான தேவை அல்லது ஒப்பந்த அளவில் 90%, இதில் எது அதிகமோ அதற்குத்தான் டிமாண்ட் கட்டணம் (ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் தனி). 200 கேவிஏ (மின் தேவையை அளக்கும் அலகு) வாங்கி வைத்து, மீட்டர் 120-ஐத் தாண்டவே இல்லையென்றாலும் 180-க்குக் கட்டணும். ஒப்பந்தத்தை 130-ஆகக் குறைக்க விண்ணப்பித்து வாங்கிவிட்டால், மீட்டர் 120 காட்டும் மாதத்தில் 120-க்குக் கட்டினால் போதும்; 60 கேவிஏக்கான கட்டணம் மிச்சம். ஒரு பல்பைக்கூட மாற்ற வேண்டாம்! ஏசி, பாய்லர், ஹீட் பம்ப் எல்லாம் அப்புறம். அவற்றுக்கு சிட்பி (சிறுதொழில் வளர்ச்சி வங்கி) போன்ற இடங்களில் ஆற்றல் சேமிப்புக் கடன் கேட்கப் போனால், விரிவான தணிக்கை அறிக்கை தேவைப்படும். அதைச் சான்றிதழ் பெற்ற தணிக்கையாளரிடமே வாங்குங்கள்.

தாழ்வழுத்த இணைப்பில் ஓடும் சின்ன மெஸ், லாட்ஜுக்கு இந்த 90% கணக்கு வராது. கல்யாண மண்டபம் சேர்ந்த ஓட்டல் என்றால் முகூர்த்த மாதப் பில்லைப் பார்க்காமல் குறைக்காதீர்கள். ஒப்பந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் தீட்டிவிடுவார்கள்.