கல்யாணத்திலும் மணமுறிவிலும் தப்பாகப் போகும் பணக் கணக்கு

வீட்டுக்கு மாதம் இவ்வளவு வருகிறது, இவ்வளவு போகிறது, யார் கையில் இருந்தால் என்ன? பெரும்பாலான குடும்பங்களில் கணக்கு தப்பாகத் தொடங்குவது இங்கேதான். பணம் யார் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்துச் செலவே மாறும். பிரிட்டனில் 1970களின் இறுதியில், குழந்தைகளுக்காகப் பெரும்பாலும் அப்பாவின் சம்பளத்தில் கிடைத்துவந்த வரிச்சலுகையை நிறுத்திவிட்டு, உதவித்தொகையாக அம்மாவின் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆண்களின் துணிச் செலவோடு ஒப்பிடும்போது பெண்கள், குழந்தைகளின் துணிச் செலவு கூடியிருந்தது தெரிந்தது.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு: ஒருவர் வேலையை விடும்போது அந்த மாதச் சம்பளத்தை மட்டும் இழப்பாகக் கணக்கிடுவது. ஒருவர் சம்பாதிக்க, இன்னொருவர் வீட்டைக் கவனித்தால் இருவருக்கும் லாபம் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1970களில் விளக்கினார். சரி, சேர்ந்து வாழும்வரை லாபம்தான். ஆனால் வேலையை விட்டவர் இழப்பது சம்பள உயர்வு, அனுபவம், ஓய்வூதியச் சேமிப்பு, தொழில் தொடர்புகள் எல்லாவற்றையும். பிரியும்போது வீட்டைப் பாதியாக்கலாம். பத்து வருட அனுபவம் அதைச் சேர்த்தவரோடு போய்விடும். அதனால் வேலையை விடும் முடிவை எடுக்கும் அன்றே, அவர் பெயரில் மாதாமாதம் எவ்வளவு சேமிப்பு என்பதையும் முடிவு செய்யுங்கள். இது அவநம்பிக்கை இல்லை. அன்பாக இருக்கும்போதுதான் இதை நியாயமாகப் பேச முடியும்.

பிரிவு என்று ஆனபின், "ஆளுக்குப் பாதி, அப்புறம் அவரவர் வழி" என்பார்கள். பாதி போதாது. ஒரு வீட்டின் செலவுத் தேவையை ஒப்பிட, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி (OECD) பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றில் வீட்டின் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, சிறு குழந்தைக்கு 0.3. மூன்று பேர் ஒன்றாக இருந்தால் தேவை 1.8. பிரிந்தால் ஒரு வீட்டுக்கு 1.3, இன்னொன்றுக்கு 1, மொத்தம் 2.3. வருமானம் அதேதான், தேவை மட்டும் கிட்டத்தட்ட 28 சதவீதம் ஏறிவிட்டது. வாடகை, மின்சாரம், சமையலறை எல்லாம் இரண்டிரண்டு. குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டில்தான் இந்த நெருக்கடி முதலில் தெரியும்.

மணமுறிவு எளிதானதால்தான் குடும்பங்கள் கெட்டன என்பதும் அவசரத் தீர்ப்பு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1970 முதல், யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே பிரிய அனுமதித்தது. பிறகு பல மாநிலங்கள், ஒருவர் விரும்பினாலே பிரியலாம் என்று சட்டத்தை மாற்றின. அப்படி மாறிய மாநிலங்களில் பெண்களின் தற்கொலையும் வீட்டு வன்முறையும் குறைந்ததைப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன்சனும் வுல்ஃபர்ஸும் 2006இல் காட்டினார்கள். வெளியேறும் வழி இருந்தால், உள்ளே இருப்பவரின் பேச்சுக்கும் எடை கூடுகிறது.

நடைமுறையில் அடிக்கடி விடுபடுவது கூட்டுக் கடன். "தவணையை இனி நீ கட்டு" என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டாலும், பொதுவாக அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் உங்களைத்தான் தேடி வருவார்கள். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லை அடைத்து முடிக்க வேண்டும். கையோடு காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள வாரிசுதாரர் (நாமினி) பெயரையும் சரிபாருங்கள். பல இடங்களில் அது தானாக மாறாது.