நம்ம வீட்டுப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுறது எப்படி

பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல எனக்கு அப்பா பேரு, அப்பாவுக்கு தாத்தா பேரு, என் பொண்ணுக்கு என் பேரு. மூணு தலைமுறைக்கு மூணு சர்நேம், இத வச்சு தேடுனா எங்கயும் போய் சேர மாட்டீங்க. அதனால மாறாதத பிடிங்க, ஊர்ல நம்மள என்ன வகையறான்னு சொல்றாங்க, குலதெய்வம் எது, பூர்வீக மனை எங்க இருக்கு, இந்த மூணுதான்.

முதல்ல வீட்டுப் பெரியவங்க. "நம்ம பூர்வீகம் என்ன"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா பேச்சு வராது, பழைய மொய் நோட்ட எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு பேரா இவங்க நமக்கு என்ன முறைன்னு கேளுங்க. எங்க அப்பத்தா அப்படித்தான் "கிணத்தடி வீடு 5 ரூபா"ன்னு ஒரு வரியப் பாத்ததும், இது நம்ம பங்காளிதான்டா, நாமளும் கிணத்தடியார்தான், உங்க தாத்தா தனியா வீடு கட்டி வந்ததுல அந்தப் பேரு விட்டுப்போச்சுன்னாங்க. எங்க யாருக்குமே அதுவரைக்கும் தெரியாது! போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கங்க.

அடுத்தது பத்திரம், உண்மையான புதையல் இதுதான். பழைய கிரையப் பத்திரத்துல இன்ன ஊர்ல இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்னு தெளிவா எழுதியிருப்பாங்க, ஒரே தாள்ல ரெண்டு தலைமுறை கிடைச்சிடும். நம்ம பத்திரம் காணாம போயிருந்தாலும் பரவால்ல, பக்கத்து மனைக்காரங்க பத்திரத்த கேட்டுப் பாருங்க, நாலு எல்லை எழுதுற இடத்துல இன்னார் மனைக்கு மேற்குன்னு நம்ம முப்பாட்டன் பேரு இருக்கும். வில்லங்கச் சான்று, அதாவது ஒரு மனை யார் யார் கைக்கு மாறுச்சுன்னு காட்டுற பதிவு, பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம், ரொம்ப பழசுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போடணும். தாத்தா பேருக்குப் பின்னாடி சாதிப்பட்டம் ஒட்டியிருந்தா வேற ஆளுன்னு தள்ளிடாதீங்க, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பட்டத்த விடணும்னு தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம் நிறைய பேர் விட்டுட்டாங்க.

குலதெய்வம் கோயில்ல திருவிழா வரி நோட்டு இருக்கும், தலைக்கட்டு வாரியா பேரு எழுதியிருப்பாங்க, பூசாரிகிட்ட கேட்டா காட்டுவாரு. எப்பவோ ஊர் மாறிப்போன பங்காளிங்களயும் அங்கதான் பிடிக்க முடியும்.

கடல் கடந்து போனவங்க கதை வேற. தென்னாப்பிரிக்காவுல நம்மாளுங்களுக்கு சர்நேம் நிலைச்சிடுச்சு, முதலியார் மூட்லி ஆயிட்டாரு, கவுண்டர் கோவெண்டர் ஆயிட்டாரு. 1860லேருந்து 1911 வரைக்கும் அங்க இருக்கிற நேட்டாலுக்குப் போன கப்பல் பட்டியல்கள்ல ஆள் பேரு, அப்பா பேரு, வயசு, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதியிருக்காங்க, அங்க சொந்தம் இருந்தா அதையும் பாருங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. நம்மகிட்ட பேரனுக்கு தாத்தா பேரு வைக்கிற பழக்கம் இருக்கே, ராமசாமி மகன் முத்தையா, முத்தையா மகன் ராமசாமின்னு மாறி மாறி வரும், நான் ரெண்டு ராமசாமியையும் ஒரே ஆளுன்னு நெனச்சு ஆறு மாசம் சுத்துனேன். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் பத்திரத்துல இருக்கிற வருஷத்த எழுதிக்கங்க.