ஈ.எஸ்.ஏ.யிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறும்போது: கடிதம் வாசித்துச் சொல்லும் பிள்ளைக்கு

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் பலருக்கு முதலில் கிடைக்கும் பொறுப்பு, அந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வதுதான். அவற்றுள் மிகுந்த அச்சத்தைத் தருவது, ஈ.எஸ்.ஏ. என்று நம்மவர் சொல்லும் உதவித்தொகையை நோயாலோ இயலாமையாலோ பெற்றுவருபவர் இனி யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற வேண்டும் என்று அறிவிக்கும் கடிதம். என் பெரியம்மா வீட்டில் அந்தப் பழுப்பு நிற உறை பிரிக்கப்படாமல் ஒன்பது நாட்கள் சாமிப் படத்தட்டில் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, அதைப் பிரித்தால் காசு நின்றுவிடும் என்ற எண்ணமே அவரைப் பிடித்து வைத்திருந்தது. நான் பார்த்தவரையில் மாற்றத்தால் வருமானம் இழப்பவர்களில் பலர் கணக்கின் காரணமாக இழப்பதில்லை; கடிதத்தின் திகதியைத் தவறவிட்டதாலோ, கடிதம் வருமுன்னரே அவசரப்பட்டு விண்ணப்பித்ததாலோதான் இழக்கிறார்கள்.

எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வருமான அடிப்படையிலான ஈ.எஸ்.ஏ., வேலை தேடுவோருக்கான பழைய கொடுப்பனவு, இன்கம் சப்போர்ட், வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட், இரண்டு வகை வரிச் சலுகைகள் ஆகிய ஆறுக்கும் பதிலாக வந்ததே 2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட். வரிச் சலுகைகள் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியுடன் முடிந்துவிட்டன. எஞ்சியவற்றை 2026 மார்ச்சுக்குள் மாற்றி முடிப்பது அரசு அறிவித்த இலக்காக இருந்தது. பி.ஐ.பி. எனப்படும் இயலாமைக் கொடுப்பனவு இந்த மாற்றத்தில் சேராது. அது தனியாகத் தொடரும், யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் வருமானமாகவும் எடுக்கப்படாது. பி.ஐ.பி.யின் தகுதி விதிகளை இறுக்கும் பகுதி 2025 ஜூலையில் சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டது. செய்தியில் கேட்டதையும் வீட்டுக்கு வந்த கடிதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு இரவு முழுவதும் உறங்காதவர்களை நான் அறிவேன்.

அச்சத்துக்கு உண்மையான காரணமும் உண்டு. பழைய முறையில், தனியாக வாழும் கடும் இயலாமை உள்ளவர்களுக்குச் சில மேலதிகத் தொகைகள் கிடைத்தன. புதிய முறையில் அவற்றுக்கு நிகரானவை இல்லை. 2025-26 நிதியாண்டின் வீதங்களில் ஒரு கணக்கைப் பாருங்கள். 25 வயதைக் கடந்த, சப்போர்ட் குரூப்பில் (வேலை செய்யவோ வேலைக்கு ஆயத்தமாகவோ இயலாதவர்கள் என மதிப்பிடப்பட்ட பிரிவு) உள்ள, தனித்து வாழும் ஒருவருக்கு ஈ.எஸ்.ஏ. அடிப்படைத் தொகை கிழமைக்கு 92.05 பவுண், சப்போர்ட் தொகை 48.50, இரு மேலதிகத் தொகைகள் 21.20, 82.90 என மொத்தம் 244.65 பவுண். இது மாதத்துக்கு 1060.15 பவுண் ஆகிறது. யுனிவர்சல் கிரெடிட்டில் அவருக்கு அடிப்படைத் தொகை 400.14, உடல்நலக் கூறு 423.27, சேர்த்தால் 823.41 பவுண்தான். வாடகையை விட்டுவிட்டுப் பார்த்தால் இடைவெளி 236.74 பவுண். இந்த இடைவெளியை நிரப்பவே இடைக்காலப் பாதுகாப்புத் தொகை என்ற ஒன்று சேர்க்கப்படுகிறது. அதற்குத் தனி விண்ணப்பம் இல்லை. ஆனால் அறிவித்தல் கடிதம் வந்த பின்னர், அதில் உள்ள கெடுவுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

அந்தக் கெடு பொதுவாகக் கடிதத் திகதியிலிருந்து மூன்று மாதங்கள். அது தவறினாலும் அடுத்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பாதுகாப்பு கிடைக்கும். அதன் பின்னர் விண்ணப்பித்தால் கிடைக்காது. மருத்துவமனையில் இருப்பது போன்ற தக்க காரணம் இருந்தால், கெடு முடியுமுன் தொலைபேசியில் கேட்டு நீட்டிப்புப் பெறலாம். கடிதம் வருமுன்னரே, யாரோ சொன்னார்கள் என்று விண்ணப்பித்துவிட்டால் பழைய உதவிக்குத் திரும்ப முடியாது. மேற்சொன்ன மேலதிகத் தொகை பெற்றவர்கள் சிலருக்கு வேறொரு நிலையான தொகை உண்டு எனினும், அது முழு இடைவெளியையும் நிரப்பும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஆகவே கடிதம் வராதவர் காத்திருக்கட்டும். வந்தவர் காத்திருக்க வேண்டாம்.

பாதுகாப்புத் தொகையின் இயல்பைப் பெரியவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள். அது ஆண்டுதோறும் உயர்வதில்லை. யுனிவர்சல் கிரெடிட்டின் மற்றக் கூறுகள் உயரும்போது, குழந்தை பராமரிப்புக்கானதைத் தவிர, அந்த உயர்வின் அளவுக்கு இது குறைகிறது. வாடகை 40 பவுண் உயர்ந்து வீட்டுக்கான கூறும் 40 பவுண் உயர்ந்தால், பாதுகாப்புத் தொகை 40 பவுண் இறங்கும். கைக்கு வரும் மொத்தம் அப்படியே நிற்க, உயர்ந்த வாடகையை அதே பணத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும். வீடு மாற நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதைக் கணக்கிட வேண்டும். துணையுடன் சேர்ந்து வாழத் தொடங்குவதும் துணையைப் பிரிவதும் இத்தொகையை முடித்துவிடக்கூடும்.

இங்கே உங்கள் வருகையும் கணக்கில் வருகிறது. தனித்து வாழ்பவர் என்ற அடிப்படையில் மேலதிகத் தொகை பெறும் ஒருவரின் வீட்டில் வயது வந்த உறவினர் குடியிருந்தால் அந்தத் தொகை பாதிக்கப்படலாம். வாடகை உதவியிலும், கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றம் தரும் வரிக் குறைப்பிலும் ஒரு பகுதி வெட்டப்படலாம், வெட்டப்படாமலும் இருக்கலாம். மறைப்பதால் நன்மையில்லை, ஏனெனில் கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் பின்னர் திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் பொது நிதி உதவி பெற முடியாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் வந்திருந்தால், உறவினரைப் பராமரிக்கிறீர்கள் என்பதற்காகப் பராமரிப்பாளர் கொடுப்பனவை உங்கள் பெயரில் கோரக் கூடாது. அது உங்கள் விசாவையே பாதிக்கும். வாழ்க்கைத் துணையாக வந்தவர்கள் தமது பெயரைச் சேர்க்குமுன், குடிவரவுச் சட்டமும் உதவித்தொகை விதிகளும் தெரிந்த, பதிவுபெற்ற ஆலோசகரிடம் பேசுவது அவசியம்.

விண்ணப்பித்த பின் வரும் ஐந்து கிழமைகளே கடினமான காலம். ஒரு மாத மதிப்பீட்டுக் காலமும் ஏழு நாட்களும் கழித்தே முதல் பணம் வரும். பழைய ஈ.எஸ்.ஏ.யும் ஹவுசிங் பெனிஃபிட்டும் இரண்டு கிழமைகளுக்குத் தொடர்ந்து கொடுக்கப்படும். அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. முன்பணம் கேட்டால் அது கடன். பின்வரும் மாதங்களில் கழிக்கப்படும் என்பதால், தேவையான அளவு மட்டும் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பணம் பெற்றுப் பழகியவருக்கு மாதம் ஒருமுறை வருவது பெரிய மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம், முன்பு கவுன்சில் நேரே வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்த வாடகை இப்போது இவருடைய வங்கிக் கணக்குக்கு வருவது. அதைத் தாமே கட்ட இயலாதவர்கள் வீட்டுக்காரருக்கு நேரடியாக அனுப்பும்படி கேட்கலாம். கவுன்சில் வரிக் குறைப்புக்குக் கவுன்சிலிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பம் அதைச் செய்யாது.

இணையத்தில் செய்ய முடியாதவர்கள் தொலைபேசியில் விண்ணப்பிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு நடத்தும் ஹெல்ப் டு கிளெய்ம் சேவை இலவசம். சொந்தமாக அலுவல் பார்க்க முடியாத நிலையில் உள்ளவருக்கு ஒருவரை அதிகாரப் பொறுப்பாளராக நியமிக்கவும் முடியும், ஆனால் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

பெரியம்மாவின் முதல் கணக்குப் பட்டியல் வந்தபோது நாங்கள் அதைச் சமையலறை மேசையில் விரித்து வரி வரியாக வாசித்தோம். அடிப்படைத் தொகை இருந்தது, வாடகை இருந்தது. உடல்நலக் கூறு இல்லை. ஈ.எஸ்.ஏ. சப்போர்ட் குரூப்பில் இருந்தவருக்குப் புதிய மருத்துவ மதிப்பீடோ மூன்று மாதக் காத்திருப்போ தேவையில்லை, அந்தக் கூறு முதல் மாதத்திலேயே சேர வேண்டும். இதை அவருடைய இணையக் கணக்கில் உள்ள குறிப்பேட்டில் பழைய ஈ.எஸ்.ஏ. கடிதத்தின் திகதியுடன் எழுதினோம். திருத்தம் வந்தது, நிலுவையும் வந்தது. அப்படித் திருத்தாவிட்டால், முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோர வேண்டும். அதிலும் தீர்வில்லையெனில் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய மேலும் ஒரு மாதம் உண்டு. பெரியம்மா இப்போது ஒவ்வொரு மாதமும் பட்டியலின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரியில் விரலை வைத்து, தொகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்.