இலையின் மெழுகை எஸ்.இ.எம். எனும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமா? ஆல்கஹால் வேண்டாம்

உயிரியல் மாதிரி என்றாலே ஆல்கஹாலில் படிப்படியாக நீரை நீக்கி, கிரிட்டிகல் பாயின்ட் டிரையரில் (திசு சுருங்காமல் உலர்த்தும் கருவி) உலர்த்துவதுதான் பலருக்கும் பழக்கம். மென்மையான திசுவுக்கு அது சரி. ஆனால் தாமரை இலை போல மெழுகு படிந்த பரப்புக்கு அதைச் செய்தால், பார்க்க வந்த பொருளே கரைந்து போய்விடும்! எத்தனால், அசிட்டோன் இரண்டுமே மெழுகைக் கெடுத்துவிடும். அப்புறம் திரையில் மிஞ்சுவது வழவழப்பான மேடுகள்தான். அவற்றின் மேல் அடர்ந்திருந்த மெழுகு நுண்குழல்கள் போயிருக்கும். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதில் அந்தக் குழல்களுக்குத்தான் பெரிய பங்கு.

எனவே புதிய இலையில் சிறு துண்டு வெட்டி, மேற்பரப்பில் விரல் படாமல் ஓரத்தை இடுக்கியால் பிடித்து, கார்பன் டேப்பில் ஒட்டிக் காற்றில் உலர விடுங்கள். செல்கள் கொஞ்சம் சுருங்கும், மெழுகு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிரையோ வசதி (மாதிரியை உறையவைத்தே பார்க்கும் முறை) இருந்தால் அதுவே மேல். மாதிரியில் மின்னேற்றம் சேராமலிருக்கப் பூசும் தங்கப் பூச்சு 10 நானோமீட்டர் அளவில் போதும். தடித்தால் நுண்குழல்களை மூடிவிடும். மெழுகு சூட்டில் இளகும் என்பதால் இடைவெளி விட்டு விட்டுப் பூசுங்கள். எலக்ட்ரான் கற்றையின் மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டுக்குள் வைத்தால் பரப்பின் நுணுக்கம் தெளிவாகத் தெரியும், மின்னேற்றத்தால் வரும் வெள்ளைக் கோடுகளும் குறையும்.