வளாகக் கதவுகளில் வயர்லெஸ் பூட்டு: எங்கே தவறுகிறோம்?

யார் கார்டு எந்தக் கதவைத் திறக்கும் என்று தீர்மானிக்கும் பல்கலைக்கழகத்தின் அணுகல் மென்பொருளில் வயர் போட்ட கதவும் வயர்லெஸ் கதவும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். அதை நம்பி இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

வயர் போட்ட கதவில் ஒரு கார்டை ரத்து செய்தால் சில நொடிகளில் அது செல்லாது. பேட்டரியில் ஓடும் பூட்டு அப்படியில்லை. வைஃபை பூட்டுகளில் பல, பேட்டரியை மிச்சம் பிடிக்க, நாளில் ஓரிரு முறைதான் சர்வருடன் பேசும். மற்ற நேரமெல்லாம் தன்னிடம் உள்ள அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலைப் பார்த்தே திறக்கும். ஒரு மாணவி கார்டைத் தொலைத்துவிட்டுக் காலையில் சொல்கிறார், அலுவலகமும் உடனே ரத்து செய்கிறது என்று வையுங்கள். கார்டு வேறொருவர் கையில் இருந்தால், இரவு வரைகூட அந்த மாணவியின் அறை அதற்குத் திறக்கலாம். ஆபத்து நேரத்தில் எல்லாக் கதவுகளையும் ஒரே கட்டளையில் பூட்டுவதும் இந்த வகையில் முடியாது. எனவே வாங்கும் முன்பே, எந்தக் கதவுக்கு உடனடித் தொடர்பு வேண்டும் என்று பிரித்துவிடுங்கள். வெளிவாசலுக்கும் ஆய்வகத்துக்கும் வயரோ, பக்கத்திலேயே ஹப் (பூட்டைச் சர்வருடன் இணைக்கும் சிறு பெட்டி) வைத்த பூட்டோதான் சரி. விற்பவர் சொல்வதோடு நிற்காமல், ஒரு கார்டை ரத்து செய்து கடிகாரத்தைப் பாருங்கள்.

அடுத்தது கார்டு எண். பரவலாக உள்ள 26 பிட் வடிவத்தில் எண்ணுக்கு 16 பிட்தான், அதாவது 65,535 வரைதான். கூடவே வரும் வளாகக் குறியீட்டை (கார்டு எந்த இடத்துக்கானது என்று காட்டும் எண்ணை) விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஏற்றினால், இரண்டு பேருக்கு ஒரே எண் வந்து, ஒருவர் கார்டு இன்னொருவர் அறையைத் திறக்கும். மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகைக் கார்டின் குறியாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டது. புதுப் பூட்டுக்கு அதே பழைய கார்டு என்றால் செலவெல்லாம் வீண்.

பூட்டுக்கு வரும் வயர்லெஸ் சிக்னலை, ஆளில்லாத விடுமுறையில், கதவுகளைத் திறந்துபோட்டு அளக்காதீர்கள். இரும்புக் கதவு மூடியபின் கதை வேறு.

பேட்டரி எச்சரிக்கை யாருக்குப் போகும் என்பதையும் முதல் நாளே எழுதிவையுங்கள். தயாரிப்பாளர் சொல்லாமல் அல்கலைனுக்குப் பதில் லித்தியம் போட வேண்டாம். அதன் மின்னழுத்தம் கடைசிவரை நிலையாக இருந்து சட்டென்று விழும், எச்சரிக்கை வர நேரமிருக்காது.

அப்புறம், தீத்தடுப்புக் கதவில் இஷ்டத்துக்குத் துளை போட்டால் அதன் சான்று செல்லாமல் போகலாம். பேட்டரி செத்தாலும் சர்வர் நின்றாலும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு இதைச் சோதித்த பிறகே அறையை மாணவரிடம் ஒப்படையுங்கள்.